விலைவாசியும் வட்டி விகிதமும்: துருக்கி தரும் படிப்பினை



நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் ஒருமுறை பொருள்களின் விலை உயர்ந்தது. மக்கள் வந்து, விலையை நிர்ணயித்துத் தருமாறு வேண்டினர். நபியவர்கள் அதற்கு இணங்கவில்லை. நெருக்கடியையும் தாராளத்தையும் தருபவன் அல்லாஹ்வே என்றும், எவருடைய உயிரிலோ பொருளிலோ அநீதி செய்தவராகத் தாம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் அவர்கள் பதிலளித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

இந்தச் செய்தியை எடுத்துரைப்போர் பலரும் அதன் பின்னணியில் உள்ள ஓர் உண்மையைக் கவனிப்பதில்லை. அன்று மதீனாவின் கடைவீதியில் புழங்கியவை ரோமானியரின் தங்கத் தீனாரும், பாரசீகரின் வெள்ளித் திர்ஹமும் ஆகும். அவற்றைத் தேவைக்கேற்ப உண்டாக்கிக் கொள்ளும் ஆற்றல் மதீனாவில் எவருக்கும் இல்லை. ஆகவே விலை ஏறியது என்றால், சரக்கு வரவில்லை, விளைச்சல் குறைந்தது என்பதே பெரும்பாலும் அதன் காரணமாக இருக்கும்.

இன்று நம் சட்டைப் பையில் இருப்பது தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. அது ஒரு காகிதம். அதை உண்டாக்கும் உரிமை ஒரே ஒரு நிறுவனத்திடம் உள்ளது. நம் நாட்டில் அது ரிசர்வ் வங்கி. பிற நாடுகளில் அந்தந்த நாட்டின் மத்திய வங்கி. எனவே இன்றைய விலை உயர்வில் இரண்டு வகை உண்டு. பொருள் குறைந்ததால் ஏறும் விலை ஒன்று. பணம் மிகுந்து, அதன் மதிப்பு தேய்ந்ததால் ஏறும் விலை மற்றொன்று. முதலாவதற்கு மழையைக் காரணம் காட்டலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

கெய்ரோவின் செம்புக் காசுகள்

இந்த வேறுபாட்டை 600 ஆண்டுகளுக்கு முன்னரே தெளிவாக எழுதி வைத்தவர் எகிப்தின் வரலாற்றாசிரியர் இமாம் மக்ரீஸி (ரஹ்) அவர்கள். கெய்ரோவில் முஹ்தஸிப் என்னும் கடைவீதிக் கண்காணிப்பாளர் பதவியை வகித்தவர். எடைக்கல்லையும் அளவுப் படியையும் சோதித்துப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. ஹிஜ்ரி 806-ஆம் ஆண்டு நைல் நதியில் நீர் குறைந்து பஞ்சமும் கொள்ளைநோயும் எகிப்தைச் சூழ்ந்தன. அதையடுத்து, ஹிஜ்ரி 808-இல் (கி.பி. 1405) அவர் எழுதிய சிறு நூல்தான் ‘இகாஸத்துல் உம்மா’.

நதியில் நீர் குறைவது எகிப்துக்குப் புதிதல்ல. அதற்கு முன்னரும் எத்தனையோ பஞ்சங்கள் வந்து போயின. பின்னர் நிலைமை சீரடைந்தது. ஆனால் இம்முறை துன்பம் ஏன் நீடிக்கிறது என்று அவர் கேட்டார். அவர் சுட்டிய காரணங்கள் மூன்று: பதவிகள் இலஞ்சத்திற்கு விற்கப்பட்டது, விளைநிலங்களின் குத்தகை தாங்க முடியாத அளவுக்கு உயர்த்தப்பட்டது, செம்புக் காசுகள் அளவின்றி அச்சிடப்பட்டது. சில்லறைச் சாமான்கள் வாங்குவதற்காக மட்டும் இருந்த செம்புக் காசு, ஆட்சியாளர்களின் இலாப ஆசையால் நாட்டின் முதன்மை நாணயமாகவே ஆகிவிட்டது. வெள்ளித் திர்ஹமோ கண்ணில் படாமல் மறைந்தது. பொருள்களின் விலையைத் தங்கத்தாலும் வெள்ளியாலும் கணக்கிட்டால் பெரிய உயர்வு இல்லை என்பதையும், செம்புக் காசால் கணக்கிடும்போதுதான் அது மலையளவு தெரிகிறது என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். ஏறியது தானியம் அல்ல, தேய்ந்தது காசு. கூலியைச் செம்புக் காசாகப் பெற்றவர்கள் அழிந்தனர். பொன்னும் நிலமும் வைத்திருந்தவர்கள் தப்பித்தனர்.

பணவீக்கம் என்று இன்று நாம் சொல்வதன் சாரம் இதுவே. இன்றைய மத்திய வங்கிகள் இதற்கு என்ன செய்கின்றன என்பதைப் பார்ப்போம்.

ரிசர்வ் வங்கி செய்தது என்ன?

ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934-ஆம் ஆண்டினுடையது. 2016-இல் அது திருத்தப்பட்டு, ஆறு பேர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. சில்லறை விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீத அளவில் உயர்வது இலக்கு. 2 சதவீதத்திற்குக் கீழும் போகக் கூடாது, 6 சதவீதத்திற்கு மேலும் போகக் கூடாது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இந்த எல்லையைத் தாண்டினால், ஏன் தவறினோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். 2022-இல் அப்படியொரு நிலை வரவே செய்தது. கொரோனா முடக்கத்தின் பின்விளைவுகளும், உக்ரைன் போரினால் ஏறிய எண்ணெய் விலையும் சேர்ந்து, அவ்வாண்டு ஏப்ரலில் விலை உயர்வு 7.79 சதவீதத்தை எட்டியது.

மே 4 அன்று, வழக்கமான கூட்ட நாளுக்குக் காத்திராமல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்தியது. ரெப்போ என்பது, அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் பெறும் குறுகிய காலக் கடனுக்கான விகிதம் ஆகும். அதே நாளில், வங்கிகள் தம் வைப்புத் தொகையில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய பங்கும் 4 சதவீதத்திலிருந்து 4.5 ஆக உயர்த்தப்பட்டது. அந்த அரை சதவீதத்தால் மட்டும் ஏறக்குறைய 87,000 கோடி ரூபாய் புழக்கத்திலிருந்து விலகிற்று. அதன் பின்னர் படிப்படியாக உயர்ந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதத்தில் வந்து நின்றது. இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்து, 2025 பிப்ரவரியில்தான் முதன்முறையாகக் குறைக்கப்பட்டது.

வட்டியை உயர்த்தினால் அரிசி விலை எப்படிக் குறையும்? நியாயமான கேள்வி. உடனே குறையாது, நேராகவும் குறையாது. சுற்று வழியில்தான் அது நடக்கிறது.

கடன் வாங்கிய பணத்தில் பருப்பையும் பஞ்சையும் வாங்கிக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும் மொத்த வியாபாரியை எண்ணிப் பாருங்கள். கடன் மலிவாக இருக்கும்வரை, விலை ஏறட்டும் என்று அவர் காத்திருப்பார். கடன் சுமை கூடியதும் அந்தக் காத்திருப்பு அவருக்குக் கட்டுப்படி ஆகாது. சரக்கைச் சந்தைக்கு அனுப்பியே ஆக வேண்டும். மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கும் பதுக்கலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மலிவான கடன் நிற்கிறது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது வீட்டுக் கடன். 20 இலட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கடனாகப் பெற்றவருக்கு, வட்டி 7 சதவீதமாக இருந்தால் மாதத் தவணை ஏறக்குறைய 15,500 ரூபாய். அது 9.5 ஆக உயர்ந்தால் தவணை 18,600 ரூபாயைத் தாண்டுகிறது. மாதம் 3,100 ரூபாய் கடைவீதிக்குப் போகாமல் வங்கிக்குப் போய்விடுகிறது. (பல வங்கிகள் தவணையை உயர்த்தாமல் ஆண்டுகளை நீட்டி விடுகின்றன. கடன்காரர் அதை அறியாமலே முதுமையை அடைகிறார்.) புதிதாக வீடு கட்ட எண்ணியவர் தள்ளிப் போடுகிறார். சிமெண்டுக்கும் கம்பிக்கும் தேவை தணிகிறது; விலையும் தணிகிறது.

மூன்றாவது, அந்நியச் செலாவணி. 2022-இல் அமெரிக்காவின் மத்திய வங்கி தன் விகிதத்தை ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 4.50 வரை உயர்த்தியது. உலகத்தின் பணம் அமெரிக்காவை நோக்கி ஓடியது. ஆண்டின் தொடக்கத்தில் 74 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டு இறுதியில் 82 ரூபாயைத் தாண்டிற்று. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 80 சதவீதத்திற்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருவதால், டாலர் ஏறினால் லாரி வாடகை ஏறும். லாரி வாடகை ஏறினால் எல்லாம் ஏறும். இங்கும் விகிதத்தை உயர்த்தாதிருந்தால் ரூபாய் இன்னும் சரிந்திருக்கும்.

2023 மே மாதத்தில் விலை உயர்வு 4.3 சதவீத அளவுக்கு இறங்கியது. ஆனால் ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் பறந்தபோது மீண்டும் 7.44 சதவீதம் ஆயிற்று. அப்போது ரிசர்வ் வங்கி விகிதத்தைத் தொடவில்லை. ரெப்போ விகிதத்தை உயர்த்தித் தக்காளியை விளைவிக்க முடியாதல்லவா! அந்த வேளையில் வேலை செய்ய வேண்டியது அரசுதான். பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடையும், வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரியும் அந்த நாட்களில் வந்தவையே. பொருள் குறைந்ததால் ஏறிய விலை எது, பணம் மிகுந்ததால் ஏறிய விலை எது என்று பிரித்தறிவதே மத்திய வங்கியின் கடினமான பணி. அதில் அவர்கள் தவறுவதும் உண்டு.

‘வட்டி ஹராம்தானே, குறைத்தால் நல்லதுதானே!’

இங்கே ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. வட்டியை அல்லாஹ் தடை செய்துள்ளான். வட்டியை உயர்த்துவது தீமையை உயர்த்துவது ஆகாதா? விலைவாசி ஏறினாலும் வட்டியைக் குறைத்துக்கொண்டே போவதுதானே மார்க்கத்திற்கு நெருக்கமானது?

வட்டி ஹராம் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வட்டியின் மீதே கட்டப்பட்ட ஒரு பண அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் விகிதத்தை மட்டும் குறைத்தால் வட்டி ஒழிந்து விடுகிறதா? இதை ஒரு முஸ்லிம் நாடு நம் கண்முன்னே செய்து பார்த்தது.

2021 செப்டம்பரில் துருக்கி மத்திய வங்கியின் விகிதம் 19 சதவீதமாக இருந்தது. விலைவாசியும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஏறிக் கொண்டிருந்தது. விகிதத்தை 19-க்கு உயர்த்திய ஆளுநர் நாஜி அக்பால் அவ்வாண்டு மார்ச்சிலேயே நீக்கப்பட்டிருந்தார். அவருக்கு முன் 2019-இல் ஒருவரும் 2020-இல் ஒருவரும் நீக்கப்பட்டனர். உயர்ந்த வட்டியே விலை உயர்வுக்குக் காரணம் என்பது அதிபர் எர்துகான் அவர்களின் நிலைப்பாடு. அவ்வாண்டு டிசம்பரில் ஆற்றிய ஓர் உரையில், ஒரு முஸ்லிம் என்ற முறையில் நஸ், அதாவது மார்க்கத்தின் தெளிவான ஆதாரம், எதைச் சொல்கிறதோ அதையே தாம் செய்வதாக அவர் அறிவித்தார். விகிதம் செப்டம்பரில் 18, அக்டோபரில் 16, நவம்பரில் 15, டிசம்பரில் 14 என்று இறங்கியது.

நாணயம் சரிந்தது. 2021 தொடக்கத்தில் ஏழரை லிரா அளவில் இருந்த ஒரு டாலர், டிசம்பர் 20 அன்று 18 லிராவைக் கடந்தது. இஸ்தான்புல் மாநகராட்சியின் மலிவு விலை ரொட்டிக் கடைகளின் முன் நீண்ட வரிசைகள் தோன்றின. அந்த டிசம்பரில் ஆண்டு விலை உயர்வு 36 சதவீதம். 2022 அக்டோபரில் அது 85.51 சதவீதம். அதே மாதத்தில் வங்கியின் விகிதமோ 10.50 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. 2023 பிப்ரவரியில் 8.50-க்கே வந்துவிட்டது. 2022 தொடக்கத்தில் குறைந்தபட்ச ஊதியத்தை 50 சதவீதம் உயர்த்தினார்கள். பெரிய உயர்வுதான். ஆறே மாதத்தில் மீண்டும் உயர்த்த வேண்டியதாயிற்று. உயர்த்திய கூலியைச் சந்தை விழுங்கிவிட்டது.

ஒரு கணக்கைப் பாருங்கள். விலைவாசி ஆண்டுக்கு 85 சதவீதம் ஏறும் நாட்டில், ஒருவர் 20 சதவீத வட்டிக்கு 100 லிரா கடன் பெறுகிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அவர் திருப்பித் தருவது 120 லிரா. அதைக் கொண்டு, முன்பு 65 லிராவுக்குக் கிடைத்த பொருளைத்தான் வாங்க முடியும். மீதி 35 எங்கே போனது? கடன் வாங்கியவரின் கையில் அது வீடாகவோ காராகவோ டாலராகவோ நிற்கிறது. கொடுத்தது யார்? வங்கியில் பணம் போட்டிருந்த ஓய்வூதியக்காரரும், வீட்டில் லிராவைச் சேர்த்து வைத்திருந்த விதவையும்! வட்டியைக் கண்ணால் பார்த்திராத ஏழையின் கூலியும் அதே விகிதத்தில் தேய்ந்தது. வங்கிக் கடன் கிடைக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். வட்டியின் அநீதியைத் தடுப்பதாகச் சொல்லப்பட்ட வழியில், எளியவரின் செல்வம் வலியவரின் கைக்கு மாறியது.

வட்டியாவது ஒழிந்ததா? அதுவும் இல்லை. 2021 டிசம்பர் 20 அன்று ஒரு புதிய வைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. லிராவில் வைப்பு வைப்போருக்கு வங்கி வட்டி தரும். டாலருக்கு எதிராக லிரா அதைவிட அதிகம் சரிந்தால், அந்த வித்தியாசத்தை அரசுக் கருவூலமும் மத்திய வங்கியும் தரும். 2023-இல் இந்தக் கணக்குகளின் மொத்தத் தொகை 3 இலட்சம் கோடி லிராவைத் தாண்டியது. பெருமளவு இதன் காரணமாக அந்த ஆண்டு துருக்கி மத்திய வங்கிக்கு 81,800 கோடி லிரா நட்டம் ஏற்பட்டது. பணம் வைத்திருந்தவரின் மதிப்பைக் காக்க, பணம் இல்லாதவரும் சேர்ந்து செலுத்தினார். பெயர் வட்டி அல்ல, அவ்வளவே வேறுபாடு.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் துருக்கியின் தொழிற்சாலைகள் ஓடின, ஏற்றுமதி வளர்ந்தது, வேலைவாய்ப்பு சரியவில்லை. ஆட்சியாளர்கள் அதை எடுத்துக் காட்டுவதில் பொய்யில்லை. ஆனால் வேலை செய்து பெற்ற கூலி மாத இறுதிக்குள் உருகி விடுமானால், அந்தக் கூலியாளுக்குச் செய்யப்பட்டது நீதி என்று சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

2023 தேர்தலுக்குப் பின் அதே அதிபர் தம் வழியை மாற்றிக்கொண்டார். மெஹ்மத் ஷிம்ஷெக் நிதியமைச்சராகவும், ஹஃபீஸா காயே எர்கான் மத்திய வங்கியின் முதல் பெண் ஆளுநராகவும் நியமிக்கப்பட்டனர். ஜூனில் 8.50 ஆக இருந்த விகிதம் ஒரே அடியில் 15 ஆயிற்று. 2024 மார்ச்சில், அடுத்த ஆளுநர் ஃபாத்திஹ் கராஹான் காலத்தில், 50 சதவீதத்தை எட்டியது. குறைந்த வட்டியை நாடிய பயணம் ஐம்பது சதவீத வட்டியில் போய் நின்றது! சிறு தொழில் செய்வோர் கடன் கிடைக்காமல் தவித்தனர். விலைவாசியும் உடனே அடங்கவில்லை. 2024 மே மாதத்தில் 75 சதவீதத்தைத் தொட்டுவிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் 44 சதவீதமாக இறங்கியது. ஒருமுறை நாணயத்தின் மீது மக்கள் நம்பிக்கையை இழந்துவிட்டால், நாளை இன்னும் ஏறும் என்று இன்றே வாங்கி வைப்பார்கள். அந்த அவசரமே விலையை ஏற்றும். அந்தப் பழக்கத்தை மாற்ற ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

மாற்று என்ன?

வட்டி என்ற சொல்லையே சட்டத்திலிருந்து நீக்கிய நாடும் உண்டு. ஈரானில் 1983-இல் வட்டியில்லா வங்கிச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் 2020-களின் தொடக்க ஆண்டுகளில் அங்கு விலைவாசி ஆண்டுக்கு 40 சதவீத அளவில் ஏறியது. பொருளாதாரத் தடைகள் ஒரு காரணம். அரசின் பற்றாக்குறைக்காக உண்டாக்கப்பட்ட பணம் மற்றொரு காரணம். மக்ரீஸி (ரஹ்) அவர்கள் செம்புக் காசில் கண்ட நோய் இதுவே. வட்டியை ஒழித்துவிட்டால் பணவீக்கம் தானாக ஒழியும் என்று மேடைகளில் சொல்லப்படுவது சரியல்ல. அளவின்றிப் பணத்தை உண்டாக்கும் ஆட்சியாளரின் கையையும் கட்ட வேண்டும்.

மலேசியா வேறு வழியில் செல்கிறது. அங்கு மரபு வங்கிகளும் இஸ்லாமிய வங்கிகளும் அருகருகே இயங்குகின்றன. இஸ்லாமிய வங்கிகள் தமக்குள் பணம் பரிமாறிக் கொள்வதற்கு 1994 முதல் தனிச் சந்தை உள்ளது. 2022 மே முதல் 2023 மே வரை மலேசிய மத்திய வங்கி தன் விகிதத்தை 1.75-இலிருந்து 3 சதவீதமாக உயர்த்தியபோது, இஸ்லாமிய வங்கிகளில் மாறும் விகிதத்தில் நிதி பெற்றவர்களின் தவணையும் உயர்ந்தது. விலையை முன்கூட்டியே முடிவு செய்து முராபஹா முறையில் வாங்கியவருக்கோ உயரவில்லை. வியாபாரத்தின் விலை ஒருமுறை பேசி முடிந்தால் முடிந்ததுதான். வியாபாரத்திற்கும் வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

நம் வீட்டுக்குள்

‘நாங்கள் வட்டி வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, இந்தச் செய்தியால் எங்களுக்கு என்ன?’ என்று பேணுதலுள்ள குடும்பத்தார் கேட்கலாம். உண்மையில் மற்றவரைவிட அவர்களுக்கே இது அதிகம் தேவை. ஒரு இலட்சம் ரூபாயைப் பீரோவில் வைத்துப் பூட்டினால், ஆண்டுக்கு 7 சதவீத விலை உயர்வில், பத்து ஆண்டு கழித்து அதன் மதிப்பு இன்றைய 51,000 ரூபாய்க்குச் சமம். திருடன் வரவில்லை, பாதி போய்விட்டது.

யதீம்களின் சொத்தைப் பொறுப்பேற்றிருப்பவர்கள், ஜகாத்தே அதைத் தின்று தீர்த்துவிடாதிருக்க அதை வியாபாரத்தில் ஈடுபடுத்த வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்திய செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இடம்பெறுகிறது. ஜகாத் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம். பணவீக்கமோ பல ஆண்டுகளில் அதைப் போல் இருமடங்கு, மும்மடங்கு வேகத்தில் தின்றிருக்கிறது. அண்ணனின் மறைவுக்குப் பின் அவர் பிள்ளைகளின் பணத்தை ‘பத்திரமாக’ அப்படியே வைத்திருக்கும் சித்தப்பாக்கள் இதைச் சிந்திக்க வேண்டும். நேர்மையான கூட்டு வியாபாரம், வாடகை தரும் கட்டடம், தங்கம் என்று ஹலாலான வழிகள் இல்லாமல் இல்லை. வியாபாரத்தில் நட்டமும் வரலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மஹரின் நிலையும் இதுதான். பின்னர் தருவதாக ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் என்று நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய மஹர், 30 ஆண்டு கழித்து அதே 10,000 ஆகத்தான் வரும். மேற்சொன்ன 7 சதவீதக் கணக்கின்படி அன்றைய 1,300 ரூபாய்ப் பொருளைத்தான் அதைக் கொண்டு வாங்க இயலும். ஒரு பெண்ணின் உரிமை எவருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே கரைந்துவிடுகிறது. மஹரை உடனே கொடுத்துவிடுவது மேல். பிற்படுத்துவதானால் இத்தனை பவுன் தங்கம் என்று எழுதுவது நலம். ஊர் ஜமாஅத்துகள் பதிவேடு எழுதும்போதே இதை நினைவூட்டலாம்.

இறுதியாக, கைமாற்றுக் கடன். ஐந்து ஆண்டுக்கு முன் உறவினருக்குக் கொடுத்த ஒரு இலட்சத்தை இன்று திரும்பப் பெறும்போது, மதிப்புக் குறைந்ததற்காகக் கூடுதலாகக் கேட்கலாமா? இக்கேள்வி புதிதல்ல. செம்புக் காசின் மதிப்பு மாறினால், கடன் கொடுத்த நாளின் மதிப்பைத் தர வேண்டும் என்பது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தாக ஹனஃபி நூல்களில் காணப்படுகிறது. ஆனால் 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, காகிதப் பணக் கடனை அதே எண்ணிக்கையில்தான் திருப்ப வேண்டும், விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. மதிப்பைக் காப்பதென்ற பெயரில் வட்டிக்குக் கதவு திறந்துவிடக் கூடாது என்ற அச்சம் அதன் பின்னணி.

தங்கமாகவே கடன் கொடுத்து, அதே எடை, அதே தரத்தில் தங்கமாகவே திரும்பப் பெறுவதோ வேறு விஷயம். அதில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் கொடுத்தது ரூபாயாகவும் எழுதியது தங்கமாகவும் இருந்தால் அது மேற்கண்ட தடைக்குள் வந்துவிடும். நகையை உண்மையாகவே எடைபோட்டுக் கையில் கொடுக்க வேண்டும். எடையையும் காரட்டையும் எழுதிச் சாட்சிகளின் கையொப்பம் பெற வேண்டும். வாங்குபவர் அதை விற்று ரூபாயாக்கிக் கொள்வது அவர் விருப்பம். தங்கம் மேலும் ஏறினால் திருப்புவது அவருக்குச் சுமையாகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுதும் முன் அந்த வாசகத்தை உள்ளூர் ஆலிம் ஒருவரிடம் காட்டிக் கொள்ளுங்கள்.